விளக்குமாற்றைக் கீழே வையுங்கள்: சுவரில் இருப்பது வேட்டைச் சிலந்தி

சம்பா பருவத்தில் ஓர் இரவு, பத்து மணிக்கு மேல் என் செல்பேசிக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவர் காவிரிப் பாசனப் பகுதியைச் சேர்ந்த ஒரு பெண் விவசாயி. உழவர் வயல்வெளிப் பள்ளி வகுப்புகளுக்குத் தவறாமல் வருபவர். நெல்லில் ஏதோ நோய் கண்டிருக்கிறது போல என்று நினைத்துப் படத்தைத் திறந்தேன். நெல் இல்லை. சமையலறைச் சுவர். அதில் உள்ளங்கை அகலத்துக்குக் கால்களைப் பரப்பிக்கொண்டு ஒரு சிலந்தி.

நான் பதில் எழுதுவதற்குள் அவரே அழைத்துவிட்டார். "சார், இது கடிச்சா ஆள் பொழைக்காதாமே? எங்க வீட்டுக்காரர் விளக்குமாத்தோட நிக்கிறார். அடிச்சிடலாமா?"

"அடிக்க வேண்டாம்மா. அது உங்களை ஒன்றும் செய்யாது. கரப்பான் பிடிக்க வந்திருக்கிறது" என்றேன்.

"நெல்லுக்குச் சிலந்தி நல்லதுன்னு வகுப்புல சொன்னீங்க. அது வயல்ல இருக்கிறது. இது வேற தானே சார்?"

நல்ல கேள்வி. இது வேறு சிலந்திதான். ஆனால் வீட்டுச் சுவரில் இருப்பதைப் பார்த்து நாம் பயப்படுவதற்கும், வயலில் இருப்பதைப் பார்த்து மருந்துக் கடைக்கு ஓடுவதற்கும் காரணம் ஒன்றுதான். இன்னது என்று தெரியாமல் முடிவெடுக்கிறோம். வீட்டில் அந்த அறியாமையால் ஒரு சிலந்தி சாகும். வயலில் போகமே கைவிட்டுப் போகலாம். அதனால், கண்ணுக்கு நன்றாகத் தெரியும் இந்தப் பெரிய சிலந்தியிலிருந்தே தொடங்குவோம்.

அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள்

இதன் பெயர் வேட்டைச் சிலந்தி. அறிவியல் பெயர் ஹெட்டெரோபோடா வெனடோரியா. 'வெனடோரியா' என்றால் வேட்டையாடுவது என்று பொருள். உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1767-இல் இதற்குப் பெயர் சூட்டினார்.

உடல் மட்டும் இரண்டு முதல் மூன்று சென்டிமீட்டர் நீளம் இருக்கும். கால்களையும் சேர்த்து அளந்தால் 7 முதல் 12 சென்டிமீட்டர் வரை வரும். நிறம் பழுப்பு. முகத்தின் முன்பக்கம் மீசை வைத்ததுபோல வெளிர்மஞ்சள் பட்டை ஒன்று குறுக்கே ஓடும். பெண்ணுக்கு உடல் பருமன். ஆணுக்கு உடல் சிறிது, கால்கள் நீளம், முதுகில் கருநிறக் கோடு தெரியும்.

எல்லாவற்றையும்விட எளிய அடையாளம் கால்களின் அமைப்பு. மற்றச் சிலந்திகளின் கால்கள் உடலுக்கு மேலே எழும்பி வளைந்து நிற்கும். இதன் கால்கள் நண்டின் கால்களைப் போலப் பக்கவாட்டில் விரிந்து, சுவரோடு ஒட்டினாற்போல் கிடக்கும். உடலும் தட்டையானது. அதனால்தான் இவ்வளவு பெரிய உருவம் கதவிடுக்கிலும், ஓட்டுக்கு அடியிலும், சுவரில் மாட்டிய காலண்டருக்குப் பின்னாலும் பகல் முழுவதும் ஒளிந்துகொள்ள முடிகிறது.

இதை வேறு சிலந்தியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மரப்பொந்துகளிலும் மண் வளைகளிலும் வாழும் பெரிய மயிர்ச் சிலந்திகளுக்குக் கால்கள் தடிமனாக, அடர்ந்த மயிருடன் இருக்கும். அவை கடித்தால் வலி கடுமையாக இருக்கும். அவற்றின் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. வேட்டைச் சிலந்தியின் கால்கள் மெலிந்தவை, நீண்டவை.

ஆசியாவைப் பூர்வீகமாகக் கொண்ட இந்தச் சிலந்தி, கப்பல் சரக்குகளோடு உலகின் வெப்பநாடுகள் எங்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. வாழைத்தார்களில் ஒளிந்து பயணம் செய்ததால் சில நாடுகளில் இதற்கு 'வாழைச் சிலந்தி' என்றே பெயர். வாழை பயிரிடுபவர்கள் இலைச் சருகுக்கு அடியில் இதைப் பார்த்திருப்பீர்கள்.

வலை விரிக்காத வேட்டை

சிலந்தி என்றதும் வலைதான் நினைவுக்கு வரும். இது இரை பிடிக்க வலை பின்னுவதில்லை. வீட்டு மூலையில் தொங்கும் ஒட்டடைக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. இருட்டியதும் ஒளிவிடத்தை விட்டு வெளியே வந்து, சுவரில் அசையாமல் காத்திருக்கும். கரப்பான் எட்டும் தூரத்தில் வந்ததும் ஒரே பாய்ச்சல். கண் மூடித் திறப்பதற்குள் இரை கால்களுக்குள் சிக்கிவிடும்.

இந்த வேகம் எப்படி வருகிறது என்பது சுவையான செய்தி. சிலந்தியின் காலை மடக்கத் தசை உண்டு. ஆனால் முக்கியமான மூட்டுகளில் காலை நீட்டத் தசை கிடையாது. உடலில் உள்ள திரவத்தை அழுத்தத்தோடு காலுக்குள் செலுத்தித்தான் நீட்டுகிறது. டிராக்டரில் ஹைட்ராலிக் கலப்பையைத் தூக்கும் அதே தத்துவம். செத்த சிலந்தியின் கால்கள் உள்பக்கமாகச் சுருண்டு கிடப்பதும் இதனால்தான்: அழுத்தம் போய்விட்டது, மடக்கும் தசை மட்டும் மிஞ்சியது. பாத நுனியில் நெருக்கமான நுண்மயிர்க் கற்றைகள் இருப்பதால் வழவழப்பான டைல்ஸ் சுவரிலும் வழுக்காமல் ஓடும்.

பிடித்த இரையை நஞ்சால் செயலிழக்கச் செய்து, செரிமான நீரைச் செலுத்திக் கரைத்து உறிஞ்சிவிடும். கரப்பானும் அந்துப்பூச்சியும் இதன் முக்கிய உணவு. சில நேரம் சிறு பல்லியையும் பிடித்துவிடும். நெல் மூட்டை, தீவனம் அடுக்கிய கொட்டகைகளில் விளக்குப் போடாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். தூணில் ஒன்றாவது இருக்கும்.

வட்டத் தட்டு சுமக்கும் தாய்

சில நேரம் வயிற்றுக்கு அடியில் வெள்ளையாக, ஒரு ரூபாய் நாணயம்போல வட்டமாக எதையோ சுமந்துகொண்டு நடக்கும். பலர் பயந்து அடிப்பது இந்த நேரத்தில்தான். அது முட்டைப் பை. நூற்றுக்கணக்கான முட்டைகள் அதற்குள் இருக்கும். குஞ்சு பொரிக்கும் வரை தாய் அதைக் கீழே வைக்காது. அந்த நாட்களில் பெரும்பாலும் இரையும் எடுக்காது.

சிறுவயதில் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் இப்படி ஒன்றை நானே செருப்பால் அடித்திருக்கிறேன். பை கிழிந்து கடுகளவு குஞ்சுகள் நான்கு திசையிலும் சிதறி ஓடின. அன்று வீரச்செயலாகத் தெரிந்தது. அந்தக் குஞ்சுகளில் பெரும்பாலானவை எப்படியும் பிழைக்காது. எறும்பும் பல்லியும் தின்றது போக, ஒன்றையொன்று தின்றது போக, வளர்வது ஒன்றிரண்டுதான். எனவே 'முட்டை பொரித்தால் வீடு முழுக்கச் சிலந்தியாகிவிடும்' என்ற பயம் வேண்டாம்.

கடித்தால் என்ன ஆகும்?

நேராகச் சொல்லிவிடுகிறேன். வேட்டைச் சிலந்திக்கு நஞ்சு உண்டு. மனித உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் நஞ்சு அல்ல. மனிதரைக் கண்டால் ஓடுவதுதான் இதன் இயல்பு. கையில் பிடித்து அழுத்தினால், உடுத்தும் துணிக்குள் சிக்கிக்கொண்டால், முட்டைப் பையோடு இருக்கும் தாயைச் சீண்டினால் கடிக்கலாம். கடித்த இடத்தில் வலியும் வீக்கமும் வரும். சிறிது நேரத்தில் குறையும். சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுத்தால் போதும். மூச்சுத்திணறல், உடல் முழுக்கத் தடிப்பு போன்ற ஒவ்வாமை தெரிந்தாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். கடித்தது எது என்று பார்க்காத நிலையிலும் அப்படியே. பாம்பாகக்கூட இருக்கலாம்.

சிலந்தி மேலே ஊர்ந்தால் கொப்புளம் வரும், அதன் சிறுநீர் பட்டால் புண்ணாகும் என்று ஊர்ப்பக்கம் சொல்வார்கள். காலையில் எழும்போது கழுத்திலோ கன்னத்திலோ கோடு இழுத்ததுபோல் எரிச்சலும் கொப்புளமும் இருந்தால் பழியைச் சிலந்தி மேல் போடுவோம். பெரும்பாலும் அதற்குக் காரணம் வேறு. மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் பேடெரஸ் என்ற சிறு வண்டு அது. எறும்புபோல மெலிந்து, கருப்பும் ஆரஞ்சும் மாறி மாறி இருக்கும். அது கடிப்பதோ கொட்டுவதோ இல்லை. தூக்கத்தில் அதைத் தோலோடு தேய்த்து நசுக்கினால், அதன் உடல் திரவத்தில் உள்ள பெடரின் என்ற நச்சு தோலைப் பொசுக்கிவிடும். எனவே மேலே ஊர்ந்தால் நசுக்காதீர்கள், ஊதித் தள்ளுங்கள். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இந்த வண்டும் நெல் வயலில் தத்துப்பூச்சிகளைத் தின்னும் நண்பன்தான் என்பது கூடுதல் செய்தி.

இன்னொன்று அக்கி. உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளம் கிளம்பி, கடும் வலி கொடுக்கும். இதையும் சிலந்திக்கடி என்று சொல்லிக் காவி பூசிக்கொண்டு நாட்களைக் கடத்துகிறோம். அக்கிக்குக் காரணம் ஒரு வைரஸ். சின்னம்மையை உண்டாக்கும் அதே வைரஸ். முதல் 3 நாட்களுக்குள் மருந்து தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். சிலந்தி மேல் பழி போட்டு அந்த 3 நாட்களைத் தொலைத்துவிடாதீர்கள்.

வீட்டில் என்ன செய்யலாம்?

ஆளில்லாத இடத்தில் இருந்தால் விட்டுவிடுங்கள். படுக்கை அறையில் இருந்து தொந்தரவாகத் தோன்றினால் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை மெதுவாக அதன் மேல் கவிழ்த்து, அடியில் பழைய காலண்டர் அட்டையைச் செருகி, வெளியே எடுத்துப்போய் வைக்கோல் போர் பக்கம் விட்டுவிடலாம். வெறுங்கையால் பிடிக்க வேண்டாம். கொடியில் கிடந்த துணியையும் மூலையில் கிடந்த செருப்பையும் உதறிவிட்டுப் போடும் பழக்கம் எல்லோருக்கும் நல்லது.

இது வீட்டுக்குள் வருவது நம்மைத் தேடி அல்ல, கரப்பானைத் தேடி. எச்சில் பாத்திரம் இரவு கிடக்காமல், சாக்கடை வாய் மூடியிருந்தால் கரப்பான் குறையும்; சிலந்தியும் தானாக வேறிடம் பார்க்கும். கரப்பானுக்காகச் சுவரோரம் கோடு இழுக்கும் சுண்ணக்கட்டியில் இருப்பது பெரும்பாலும் பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி. அது கரப்பானை மட்டும் கொல்லாது, இதையும் கொல்லும். அந்த வகைப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வயலில் மறுபடியும் வரப்போகிறது.

இப்போது வயலுக்கு வாருங்கள்

வேட்டைச் சிலந்தி நெல் வயலுக்குள் வாழாது. ஆனால் அதைப் போலவே வலை பின்னாமல் ஓடிப் பிடிக்கும் ஒன்று உங்கள் வயலில் இருக்கிறது: ஓநாய்ச் சிலந்தி. உடல் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். பழுப்பு நிறம், முதுகில் கவட்டை வடிவில் ஒரு குறி. நெற்குத்தின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருக்கும். குத்தை விலக்கினால் தண்ணீரின் மேலேயே ஓடும். இதன் தாயும் முட்டைப் பையைச் சுமக்கும், ஆனால் வயிற்றுக்கு அடியில் அல்ல, உடலின் பின்முனையில் ஒட்டிக்கொண்டு. பொரித்த குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு திரியும்.

நடவு முடிந்த சில நாட்களிலேயே, பூச்சிகள் பெருகும் முன்பே இது வயலுக்கு வந்துவிடும். நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்னும். அவற்றில் முக்கியமானது, குத்தின் அடியில் கூட்டமாக இருந்து சாறு உறிஞ்சும் புகையான். இரண்டும் ஒரே இடத்தில் வாழ்வதால் புகையானுக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை. இலைகளுக்கு மேலே நீள்தாடைச் சிலந்தி, கூர்முள் கால்களோடு தாவிப் பிடிக்கும் லிங்க்ஸ் சிலந்தி, அடித்தூரில் குள்ளச் சிலந்தி என்று உறவினர்களும் உண்டு. ஒவ்வொன்றும் பயிரின் ஒவ்வோர் அடுக்கைப் பார்த்துக்கொள்ளும்.

இரவில் என்னை அழைத்த அந்தப் பெண் விவசாயி பிறகு ஒரு வகுப்பில் சொன்னார். முந்தைய ஆண்டு நெல்லில் சிலந்தி நிறைய இருப்பதைப் பார்த்து, அதுவும் ஏதோ பூச்சி என்று எண்ணி, மருந்துக் கடையில் கேட்டிருக்கிறார். அவர்கள் கொடுத்ததை அடித்திருக்கிறார். சிலந்தி போய்விட்டது. சில வாரங்களில் வயலில் வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்தது. மறுபடி மருந்து, மறுபடி செலவு. "காவல்காரனைக் கொன்னுட்டுத் திருடனுக்குக் கதவைத் தொறந்து விட்டிருக்கேன் சார்" என்றார். இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

மருந்து அடித்தும் ஏன் புகையான் பெருகுகிறது?

புகையான் தன் முட்டைகளை இலை உறைக்குள் திசுவைக் கீறி வைக்கிறது. தெளிக்கும் மருந்து முட்டையைத் தொடுவதில்லை. பூச்சிகளும் சிலந்திகளும் சாகின்றன. ஒரு வாரம், பத்து நாளில் முட்டைகள் பொரித்து இளம்பூச்சிகள் வரும்போது அவற்றைத் தின்ன ஆளில்லை. சில மருந்துகள் மிச்சமிருக்கும் புகையானின் இனப்பெருக்கத்தைத் தூண்டியும் விடுகின்றன. பைரித்ராய்டு வகை மருந்துகளை நெல்லில் புகையான் காலத்தில் அடிக்கக் கூடாது என்பது இதனால்தான். குயினால்பாசும் இப்படி மறுபெருக்கம் உண்டாக்கும் மருந்துதான்.

இதை ஒரு நாடே அனுபவித்துத் தெரிந்துகொண்டது. இந்தோனேசியாவில் அரசே மானியம் கொடுத்துப் பூச்சிமருந்தை ஊக்குவித்தது. புகையான் அடங்குவதற்குப் பதிலாக வெடித்துப் பெருகியது. 1986-இல் அந்நாட்டு அதிபர் நெல்லில் 57 பூச்சிமருந்துகளைப் பயன்படுத்தத் தடை விதித்தார். அடுத்த சில ஆண்டுகளில் மானியமும் நிறுத்தப்பட்டது. நெல் உற்பத்தி விழுந்துவிடவில்லை. சிலந்தி உள்ளிட்ட இயற்கை எதிரிகளைக் காப்பாற்றுவதும், வயலைப் பார்த்து முடிவெடுக்க விவசாயிக்குப் பயிற்சி கொடுப்பதும் அங்கிருந்துதான் பெரிய அளவில் தொடங்கின. நம் ஊர் உழவர் வயல்வெளிப் பள்ளிகளும் அந்த வழியில் வந்தவையே.

எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள்

சிலந்தி இருக்கிறது என்பதற்காகக் கைகட்டிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரையில் புகையானுக்கான பொருளாதார சேதநிலை இரண்டு விதமாகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 பூச்சி. குத்துக்கு 1 சிலந்தி வீதம் இருக்கும் வயலில் தூருக்கு 2 பூச்சி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். குத்தில் 15 தூர்கள் இருந்தால், சிலந்தி இல்லாதபோது 15 பூச்சியிலேயே மருந்து பற்றி யோசிக்க வேண்டும். ஒரு சிலந்தி இருந்தால் 30 பூச்சி வரை பொறுக்கலாம். ஒரே ஒரு சிலந்தி உங்கள் பொறுமையின் எல்லையை இரட்டிப்பாக்குகிறது. அந்த இடைவெளியில் ஒரு தெளிப்புச் செலவு மிச்சமாவதுண்டு.

எண்ணும் முறை எளிது. காலையில் வயலின் குறுக்கே மூலைவிட்டமாக நடந்து 20 குத்துகளைப் பாருங்கள். குத்தைச் சாய்த்து இரண்டு மூன்று முறை தட்டினால் பூச்சிகள் தண்ணீரில் விழும். புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை, தூர் எத்தனை என்று ஒரு தாளில் குறியுங்கள். வாரம் ஒருமுறை, தூர்கட்டும் பருவம் முதல் இதைச் செய்யுங்கள். வரப்போரம் மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். புகையான் நடுவயலில்தான் தொடங்கும்.

சிலந்தியை வயலில் தக்கவைக்க:

• நடவு செய்த முதல் மாதத்தில் தேவையின்றிப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். சிலந்தி குடியேறும் காலம் அது.

• வரப்பில் உளுந்து, தட்டைப்பயறு விதையுங்கள். வரப்புப் புல்லை மொத்தமாகக் கருகவைக்கும் களைக்கொல்லி வேண்டாம். சிலந்திகள் ஒதுங்குமிடம் வரப்புதான்.

• வைக்கோலைச் சிறு கட்டுகளாகக் கட்டி வரப்பில் சில நாள் போட்டு வையுங்கள். சிலந்திகள் அதில் ஏறியதும் கட்டுகளை வயலுக்குள் குச்சியில் நட்டுவிடலாம்.

• 2.5 முதல் 3 மீட்டருக்கு ஒருமுறை 30 சென்டிமீட்டர் பட்டம் விட்டு நடுங்கள். காற்றும் வெளிச்சமும் அடித்தூருக்குப் போகும். புகையானுக்கு அது பிடிக்காது.

• யூரியாவை ஒரேயடியாகப் போடாமல் பிரித்துப் போடுங்கள். பூச்சி தெரிந்தால் முதலில் தண்ணீரை வடித்துக் காயவிடுங்கள்.

• சேதநிலையைத் தாண்டினால் மட்டும் மருந்து. முதலில் 5 சத வேப்பங்கொட்டைக் கரைசலை அடித்தூரில் படும்படி தெளியுங்கள். அதற்கும் மேல் போனால் உங்கள் வட்டார வேளாண்மை அலுவலரைக் கேட்டு, புகையானுக்கென்று பரிந்துரைத்ததை மட்டும் வாங்குங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கு ஒரு வார்த்தை. வகுப்பில் சிலந்தியின் படத்தைக் காட்டுவதைவிட, இரவு யாராவது ஒருவர் வீட்டுச் சுவரில் இருக்கும் வேட்டைச் சிலந்தியைக் காட்டிப் பேசுங்கள். கால் எத்தனை, இரை எப்படிப் பிடிக்கிறது, முட்டைப் பை எங்கே என்று அதில் பழகிய கண்ணுக்கு மறுநாள் நெற்குத்தின் அடியில் ஓநாய்ச் சிலந்தியை அடையாளம் காண்பது சிரமமாக இருக்காது. முக்கியமாகப் பெண்களிடம் பேசுங்கள். களை எடுக்கும்போது குனிந்து அடித்தூரைப் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

அன்றிரவு அந்தச் சிலந்தி தப்பியது. அடுத்த வாரம் மறுபடி ஒரு படம் வந்தது. இந்த முறை சமையலறைச் சுவர் இல்லை. கோடு போட்ட நோட்டுத் தாள். இருபது குத்து, புகையான் இத்தனை, சிலந்தி இத்தனை என்று பென்சிலில் எழுதியிருந்தார். கீழே ஒரு வரி: "குத்துக்கு ஒண்ணு இருக்கு சார். மருந்து வாங்கலை."